மாடு தின்ற பூவும் தெர்மகோல் கிடாரும்!

வீட்டுக்குப் புது டி.வி. வந்தால் உங்கள் கண் முதலில் எங்கே போகும்? டி.வி. மேலேயா, பெட்டிக்குள் இருக்கும் வெள்ளை வெளேர் தெர்மகோல் மேலேயா? உண்மையைச் சொல்லுங்கள்! "அதை உடைக்காதே, எனக்கு வேணும்" என்று அண்ணன், தங்கைக்குள் ஒரு சண்டையே நடக்கும், இல்லையா?

அசாம் மாநிலத்தில் ஒரு கிராமம். அங்கே இருந்த சில சிறுவர்களுக்கு இசைக்குழு நடத்த ஆசை. ஆனால், கிடார் வாங்கக் காசு இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? தெர்மகோலை வெட்டி இசைக்கருவிகள் செய்துகொண்டார்கள். அவற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, உண்மையான பாடகர்கள் மாதிரியே தலையை ஆட்டி ஆட்டி வாசித்தார்கள். சத்தமே வராத கிடார்! ஆனாலும், அவர்கள் முகத்தில் அத்தனை மகிழ்ச்சி!

அதே கிராமத்தில் அப்போது தன்னுடைய முதல் படத்தை எடுத்துக்கொண்டிருந்தார் ஒரு பெண். பெயர், ரீமா தாஸ். அந்தச் சிறுவர்களைப் பார்த்ததும் அவர் மனதில் அடுத்த படத்துக்கான விதை விழுந்தது. அதுதான் 'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்'. 2018-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில், இந்தியாவிலேயே சிறந்த படம் என்ற விருது இதற்குத்தான் கிடைத்தது. அந்த ஆண்டு ஆஸ்கர் போட்டிக்கு நம் நாட்டின் சார்பில் அனுப்பப்பட்ட படமும் இதுவே.

அது சரி, அந்தப் படத்தை எடுக்க எத்தனை பேர் வேலை செய்தார்கள்? ஒரு நூறு பேர்? ஐம்பது பேர்?

விடையைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். வாருங்கள், பார்க்கலாம்.

சுயாதீனப் படம் என்றால் என்ன?

பெரிய சினிமா ஷூட்டிங்கை நீங்கள் தெருவில் எங்காவது பார்த்திருக்கலாம். லாரி லாரியாக விளக்குகள் வந்து இறங்கும். ஜெனரேட்டர் 'டர்ர்ர்' என்று ஓடும். கேமராமேன், அவருக்கு உதவியாளர்கள், மேக்கப் போடுபவர், உடை கொடுப்பவர், சாப்பாடு பரிமாறுபவர் என்று ஒரு கல்யாண வீட்டுக் கூட்டமே இருக்கும். இத்தனைக்கும் பணம் போடுபவர்தான் தயாரிப்பாளர். போட்ட பணம் திரும்பி வர வேண்டும் என்ற கவலை அவருக்கு இருக்கும். அதனால் 'பிரபல நடிகர் வேண்டும், நாலு பாட்டு வேண்டும், சண்டை வேண்டும்' என்றெல்லாம் அவர் கேட்பார். அதில் தவறும் இல்லை.

ஆனால், சிலர் வேறு மாதிரி. 'என் மனதில் ஒரு கதை இருக்கிறது. அதை நான் நினைத்தபடியே சொல்ல வேண்டும்' என்று கிளம்பிவிடுவார்கள். கையில் இருக்கும் காசு, தெரிந்தவர்களின் உதவி, கிடைத்த கேமரா, இவ்வளவுதான் அவர்களுடைய முதல். இப்படிப் பெரிய நிறுவனங்களைச் சாராமல் தனித்து எடுக்கும் படங்களுக்குச் 'சுயாதீனப் படங்கள்' என்று பெயர். சுயாதீனம் என்றால், தன் விருப்பப்படி செயல்படும் சுதந்திரம்.

இந்தப் படங்கள் பெரும்பாலும் முதலில் திரைப்பட விழாக்களில்தான் காட்டப்படும். அங்கே ஒரு நல்ல பழக்கம் உண்டு. படம் முடிந்து விளக்குகள் எரிந்ததும் எல்லோரும் எழுந்து ஓடிவிட மாட்டார்கள். படத்தை இயக்கியவரே திரைக்கு முன்னால் வந்து நிற்பார். பார்த்தவர்கள் கையை உயர்த்தி அவரிடம் கேள்வி கேட்கலாம். 'அந்தக் காட்சியை எப்படி எடுத்தீர்கள்?', 'அந்தப் பாட்டி உண்மையிலேயே நடிகையா?' என்று எது வேண்டுமானாலும் கேட்கலாம்.

ரீமா தாஸும் இப்படிப் பல ஊர்களில், பல நாடுகளில் பதில் சொல்லியிருக்கிறார். பத்திரிகைகளுக்குப் பேட்டி கொடுத்திருக்கிறார். அவற்றிலிருந்து தெரியவரும் செய்திகளை, நீங்கள் கேட்பது போலவே கேள்விகளாக இங்கே அடுக்கியிருக்கிறோம்.

எத்தனை பேர் வேலை செய்தார்கள்?

கதை எழுதியது யார்? ரீமா தாஸ். இயக்கியது? ரீமா தாஸ். கேமராவைப் பிடித்தது? அவரேதான். எடுத்த காட்சிகளை வெட்டி ஒட்டி எடிட்டிங் செய்தது? அதுவும் அவரே. பணம் போட்ட தயாரிப்பாளர்? அவரேதான்!

அவருக்குப் பக்கபலமாக இருந்தவர் அவருடைய உறவுக்காரப் பெண் மல்லிகா தாஸ். ஒலியைப் பதிவு செய்யும் வேலையை இவர் பார்த்துக்கொண்டார். இவர் ஒலிப்பதிவு படித்தவர் அல்ல. படப்பிடிப்பின்போதே கற்றுக்கொண்டவர். ஆனால், அந்த ஆண்டு இடத்திலேயே ஒலியைப் பதிவு செய்ததற்கான தேசிய விருது யாருக்குக் கிடைத்தது தெரியுமா? இந்த மல்லிகாவுக்குத்தான்! சிறந்த எடிட்டிங் விருது ரீமாவுக்கு. சிறந்த குழந்தை நட்சத்திரம் விருது, நாயகியாக நடித்த பனிதா தாஸுக்கு. சிறந்த படத்தையும் சேர்த்து மொத்தம் நான்கு விருதுகள்!

ரீமா எங்கே படித்தார்?

சினிமாக் கல்லூரி எதிலும் இல்லை. அசாமில் குவாஹாத்தி நகருக்கு அருகே உள்ள சாய்காவ் பகுதியில் ஒரு கிராமம்தான் அவருடைய சொந்த ஊர். நடிகையாக வேண்டும் என்று மும்பைக்குப் போனார். நாடகங்களில் நடித்தார். சினிமாவில் பெரிய வாய்ப்பு எதுவும் வரவில்லை. அந்த நாட்களில் உலகின் நல்ல நல்ல படங்களாகத் தேடிப் பிடித்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க, 'நாமே படம் எடுத்தால் என்ன?' என்று தோன்றியது. கேமராவைப் பயன்படுத்துவதையும் எடிட்டிங்கையும் தானாகவே கற்றுக்கொண்டார். நடிகையாகப் போனவர், இயக்குநராக ஊர் திரும்பினார்.

விளக்கு இல்லாமல் எப்படி?

விளக்கு இல்லை என்று யார் சொன்னது? மேலே பாருங்கள், எவ்வளவு பெரிய விளக்கு! ஆமாம், சூரிய வெளிச்சத்தை நம்பித்தான் படம் எடுத்தார். மாலையில் சூரியன் இறங்கும்போது வெளிச்சம் பொன்னிறமாக இருக்குமே, கவனித்திருக்கிறீர்களா? சூரியன் தாழ்வாக இருக்கும்போது அதன் ஒளி அதிகத் தூரம் காற்றைக் கடந்து வருகிறது. வழியிலேயே நீல நிறம் சிதறிப்போய், மஞ்சளும் சிவப்பும் மட்டும் நம்மை வந்து சேர்கின்றன. அந்த நேரத்தில் சேற்று வயல்கூடத் தங்கம் போல மின்னும். ஆனால், அந்த வெளிச்சம் கொஞ்ச நேரம்தான் இருக்கும். இன்று தவறவிட்டால், நாளை மாலைதான்!

வெள்ளத்தை எப்படி எடுத்தார்?

இதுதான் முக்கியமான கேள்வி. படத்தின் கதை இது. துனு என்ற சுமார் பத்து வயதுப் பெண். அப்பா இல்லை. அம்மாதான் வயலில் பாடுபட்டுப் பிள்ளைகளை வளர்க்கிறார். துனு பையன்களோடு சேர்ந்து மரம் ஏறுவாள், ஓடுவாள், குதிப்பாள். "பெண் பிள்ளை இப்படியா?" என்று ஊரார் பேசுவார்கள். அம்மா மட்டும் மகள் பக்கம். துனுவுக்கு ஒரே கனவு, ஓர் உண்மையான கிடார். அதற்காகக் காசு சேர்க்கிறாள். அந்த நேரத்தில் வெள்ளம் வந்து விளைந்த பயிரையெல்லாம் மூழ்கடிக்கிறது. துனுவுக்குக் கிடார் கிடைத்ததா? அதைப் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய படமாக இருந்தால் மழைக்காகத் தண்ணீர் லாரியை வரவழைப்பார்கள். குழாயில் பீய்ச்சி மழை பெய்ய வைப்பார்கள். வெள்ளத்துக்குக் கம்ப்யூட்டர் இருக்கிறது. ரீமாவிடம் இரண்டுக்கும் பணம் இல்லை. அவர் என்ன செய்தார்? காத்திருந்தார். பிரம்மபுத்திரா ஆறு பாயும் அசாமில், மழைக்காலத்தில் வெள்ளம் வருவது வழக்கம். வெள்ளம் வந்தபோது கேமராவுடன் இறங்கிவிட்டார். வயல் பச்சையாக இருந்தபோது பச்சையை எடுத்தார். காய்ந்தபோது காய்ச்சலை எடுத்தார். இப்படிப் பருவங்கள் மாற மாற, 100 நாட்களுக்கும் மேல் படம்பிடித்தார். படம் முழுமையடைய மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இப்போது ஒரு ரகசியம் புரிகிறதா? சுயாதீனப் படம் எடுப்பவர்களிடம் பணம் இருக்காது. ஆனால், பணக்காரப் படங்களிடம் இல்லாத ஒரு செல்வம் அவர்களிடம் உண்டு. அதுதான் நேரம்!

பெரிய ஷூட்டிங்கில் ஒரு நாள் தள்ளிப்போனால் நூறு பேருக்குப் பேட்டா, கேமராவுக்கும் விளக்குகளுக்கும் வாடகை, நடிகரின் கால்ஷீட் எல்லாமே வீண். அங்கே யாரும் மேகத்துக்காகக் காத்திருக்க முடியாது. இரண்டே பேர் என்றால்? மரத்தடியில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்!

மாடு தின்ற பூ

காத்திருப்பதில் ரீமாவுக்கெல்லாம் ஒரு தாத்தா உண்டு. அவர் பெயர் சத்யஜித் ராய். ரீமா பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட படங்களில் இவருடைய படங்களும் அடக்கம். அவரைச் சந்திக்க நாம் 70 ஆண்டுகளுக்கு மேல் பின்னால் போக வேண்டும். போகலாமா?

1952-ஆம் ஆண்டு, அக்டோபர் 27. வங்காளத்தில் ஒரு பெரிய வெளி. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வெள்ளை வெள்ளையாக நாணல் பூக்கள். அங்கே, 'பதேர் பாஞ்சாலி' என்ற படத்தின் முதல் நாள் ஷூட்டிங். அக்கா துர்காவும் தம்பி அப்புவும் பூக்களுக்கு நடுவே ஓடி, வாழ்க்கையில் முதல்முறையாக ரயிலைப் பார்க்கும் காட்சி.

ராய்க்கு அப்போது கல்கத்தாவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறைகளிலும்தான் ஷூட்டிங்! கேமராமேன் சுப்ரதா மித்ரா மிகவும் இளைஞர். அதற்குமுன் அவர் சினிமா கேமராவில் படம் எடுத்ததே இல்லை.

முதல் நாள், பாதிக் காட்சி முடிந்தது. 'மீதி அடுத்த வாரம்' என்று கிளம்பினார்கள். அடுத்த வாரம் வந்து பார்த்தால்... பூக்களைக் காணோம்! ஒரு பூ கூட இல்லை. மாடுகள் வந்து அத்தனையையும் தின்று தீர்த்துவிட்டன!

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? 'போகட்டும், வேறு இடத்தில் எடுக்கலாம்' என்பீர்களா? ராய் ஓர் ஆண்டு காத்திருந்தார்! அடுத்த பருவத்தில் மறுபடியும் நாணல் பூத்த பிறகுதான் அந்தக் காட்சியை எடுத்து முடித்தார். அதற்கும் ஒரு ரயில் போதவில்லை. மூன்று ரயில்களைத் தனித்தனியாக எடுத்து, ஒரே ரயில் போல ஒட்டினார்கள். உலகம் முழுவதும் இன்றும் பேசப்படும் காட்சி அது.

குட்டி நாயின் ரகசியம்

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? ராயே சொன்னார். அதுவும் யாரிடம்? உங்களைப் போன்ற பிள்ளைகளிடம்!

ராயின் தாத்தா 1913-இல் 'சந்தேஷ்' என்று ஒரு சிறுவர் பத்திரிகை தொடங்கினார். வங்க மொழியில் 'சந்தேஷ்' என்றால் செய்தி என்றும் பொருள், ஓர் இனிப்பின் பெயரும் அதுவே. நின்றுபோயிருந்த அந்தப் பத்திரிகைக்கு 1961-இல் ராய் மறுபடி உயிர் கொடுத்தார். தன் ஷூட்டிங் அனுபவங்களைச் சிறுவர்களுக்காக எழுதினார். அதில் இரண்டு மட்டும் கேளுங்கள்.

அப்புவாக நடித்தவன் சுபீர் என்ற சிறுவன். நடிப்பு என்றால் என்ன என்றே அவனுக்குத் தெரியாது. "அக்காவைத் தேடிக்கொண்டு நட" என்றால், பொம்மை மாதிரி விறைப்பாக நடந்தான். ராய் என்ன செய்தார் தெரியுமா? அவன் நடக்கும் வழியில் சின்னச் சின்னக் குச்சிகளைப் போட்டுவைத்தார். அவன் தாண்டித் தாண்டி நடந்தான். பூக்களுக்குப் பின்னால் உதவியாளர்களை ஒளித்துவைத்து, ஒவ்வொருவராக அவன் பெயரைக் கூப்பிடச் சொன்னார். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான், படத்தில் பார்த்தால் அக்காவைத் தேடும் தம்பி!

இன்னொரு காட்சி. மிட்டாய்க்காரர் முன்னால் போவார். பின்னால் துர்காவும் அப்புவும். அவர்களுக்குப் பின்னால் ஒரு நாய் போக வேண்டும். நாய்க்குக் கதையெல்லாம் தெரியுமா? அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. அப்புறம் ஒரு தந்திரம் செய்தார்கள். துர்கா, கையில் கொஞ்சம் 'சந்தேஷ்' இனிப்பை வைத்துக்கொண்டு, கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். கேமராவுக்கு இனிப்பு தெரியாது. நாய்க்குத் தெரியும்! வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே போனது.

நேரம் திருடனும்கூட!

நேரம் ஒரு செல்வம் என்றோமே, அது பாதி உண்மைதான். மீதிப் பாதியையும் சொல்லிவிட வேண்டும்.

'பதேர் பாஞ்சாலி' நடுவில் காசு இல்லாமல் பலமுறை நின்றது. ராய் தன் காப்பீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தார். அவர் மனைவி பிஜயா தன் நகைகளைக் கொடுத்தார். அவையும் அடகுக் கடைக்குப் போயின. ஒருமுறை ஆறு மாதங்களுக்கு மேல் ஷூட்டிங் நின்றது. மறுபடி வந்து பார்த்தால், படத்தில் நடித்த நாய் பூலோ இறந்துபோயிருந்தது. மீதிச் சோற்றை அது தின்னும் காட்சி பாதியில் நின்றிருந்தது. அதே போல ஒரு நாயை ஊரெல்லாம் தேடிப் பிடித்தார்கள். மிட்டாய்க்காரராக நடித்தவரும் காலமாகிவிட்டார். அதே போலப் பருத்த உடல் உள்ள ஒருவரைக் கண்டுபிடித்தார்கள். மூங்கில் தோப்பிலிருந்து வெளியே வருபவர் ஒருவர். முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டு வாசலில் நுழைபவர் இன்னொருவர்! படம் பார்ப்பவர்கள் கண்டுபிடிப்பதே இல்லை.

ஆனால், எல்லாவற்றையும் மாற்றிவிட முடியுமா? அப்புவாக நடித்த சிறுவனின் குரல் உடைந்துவிட்டால்? துர்கா மளமளவென்று வளர்ந்துவிட்டால்? பாட்டியாக நடித்த சுனிபாலா தேவிக்கு 80 வயது. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்த மூன்றும் நடக்காமல் போனது அதிசயம் என்று ராய் பிற்பாடு சொன்னார்.

கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்தது. 'பதேர் பாஞ்சாலி' என்றால் 'சாலையின் பாட்டு' என்பது போல ஒரு பொருள். அதனால் கணக்கில் அந்தப் பணம் சாலை மேம்பாட்டுக்கு என்று எழுதப்பட்டது! அந்தப் பணம் வந்தபோது மழைக்காலம் முடிந்துவிட்டிருந்தது. படத்தில் அக்காவும் தம்பியும் நனையும் பெரிய மழைக் காட்சி பாக்கி. தினம் தினம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிராமத்துக்குப் போய், நீல வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாள் கருமேகம் திரண்டு வந்தது. கொட்டித் தீர்த்தது. எடுத்துவிட்டார்கள்!

1955-இல் படம் வெளிவந்தது. அடுத்த ஆண்டு பிரான்ஸ் நாட்டின் கான் திரைப்பட விழாவில் விருது பெற்றது. உலகம் இந்திய சினிமாவைத் திரும்பிப் பார்த்தது.

மதுரைப் பக்கத்து வெயில்

அசாமில் வெள்ளம், வங்காளத்தில் மழை. நம் ஊரில்? வேறென்ன, வெயில்தான்!

மதுரை மாவட்டம் மேலூர் அருகே அரிட்டாபட்டி என்ற ஊர் இருக்கிறது. பாறைகள் நிறைந்த இடம். அங்கே கொளுத்தும் கோடையில் 'கூழாங்கல்' என்ற தமிழ்ப் படத்தை எடுத்தார் பி.எஸ்.வினோத்ராஜ். சிறு வயதிலேயே வேலைக்குப் போனவர் இவர். சென்னையில் ஒரு டி.வி.டி. கடையில் வேலை பார்த்தபோதுதான் உலகப் படங்கள் இவருக்கு அறிமுகமாயின. இவரும் சினிமாக் கல்லூரிக்குப் போகாதவர்தான்.

படத்தின் கதை, ஒரு பையனும் கோபக்கார அப்பாவும் சுட்டெரிக்கும் வெயிலில் நடக்கும் கதை. தாகம் தெரியாமல் இருக்க அந்தப் பையன் வாயில் ஒரு கூழாங்கல்லைப் போட்டுக்கொள்வான். தன் சொந்தச் சகோதரி கைக்குழந்தையுடன் வெகுதூரம் நடந்தே வீடு வந்த நிகழ்ச்சிதான் இந்தக் கதைக்குக் காரணம் என்று வினோத்ராஜ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நடந்த ஒரு வலியைப் பார்த்து, அதை மறக்காமல் வைத்திருந்து, படமாக்கினார். 2021-இல் நெதர்லாந்து நாட்டின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் முதல் பரிசான 'டைகர்' விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது. அந்த விருதை வாங்கிய முதல் தமிழ்ப் படம் அது. (பெரியவர்களுக்கான படம் இது. அப்பா, அம்மாவிடம் கேட்டுவிட்டுப் பாருங்கள்.)

விருது வாங்கினால் போதுமா?

'அப்படியென்றால் இந்தப் படங்கள் நம் ஊர்த் தியேட்டருக்கு ஏன் வருவதில்லை?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

தியேட்டரில் படம் ஓட வேண்டுமானால் போஸ்டர் ஒட்ட வேண்டும், விளம்பரம் செய்ய வேண்டும். அதற்கே தனியாகப் பணம் வேண்டும். படம் எடுக்கவே காசு இல்லாதவர் அதற்கு எங்கே போவார்? தியேட்டர்காரரும் கூட்டம் வருமா என்று யோசிப்பார். அதனால் பல நல்ல படங்கள் விழாக்களோடு நின்றுவிடுகின்றன. எடுத்தவர் போட்ட காசு திரும்பாமல் போவதும் உண்டு. ஆஸ்கருக்கு அனுப்பப்பட்ட 'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்' கூட அங்கே இறுதிப் பட்டியலுக்குள் போகவில்லை. காத்திருந்தால் எல்லாம் கிடைத்துவிடும் என்று கதை விட நாங்கள் வரவில்லை. சில நேரம் கிடைக்காது. கிடைக்காமல் போகலாம் என்று தெரிந்தும் அவர்கள் காத்திருக்கிறார்களே, அதைத்தான் சொல்ல வந்தோம்.

துனு மறுபடியும் வந்தாள்!

ராய்க்கு ஒரு பயம் இருந்தது, நினைவிருக்கிறதா? 'பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் என்ன செய்வது?' என்ற பயம். அந்தப் பயத்தையே ரீமா தாஸ் ஒரு வரமாக மாற்றிவிட்டார்.

துனுவாக நடித்த பனிதா வளர்ந்தாள். பத்து வயதுச் சிறுமி, பதின்பருவப் பெண்ணானாள். ரீமா மறுபடியும் கேமராவைத் தூக்கிக்கொண்டு அதே கிராமத்துக்குப் போனார். அதே பனிதா. அம்மாவாக அதே பசந்தி தாஸ். 2024-இல் 'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ் 2' தயார்! தென்கொரியாவின் பூசான் திரைப்பட விழாவில் முதல்முறையாகக் காட்டப்பட்டு, அங்கே 'கிம் ஜிசோக்' விருதையும் வென்றது.

முதல் படம் 2017-இல் டொரான்டோ விழாவில் காட்டப்பட்டது. இரண்டாம் படம் 2024-இல். நடுவில் ஏழு ஆண்டுகள். மேக்கப் போட்டு வயதைக் கூட்டவில்லை. வேறு நடிகையைத் தேடவில்லை. தெர்மகோல் கிடாரைப் பிடித்த அந்தச் சின்னக் கைகள் தாமாகவே வளரும்வரை பொறுத்திருந்தார்கள். இதை எத்தனை கோடி கொடுத்தாலும் கடையில் வாங்க முடியுமா?

இப்போது உங்கள் முறை!

உங்கள் ஊரில் திரைப்பட விழாவோ, பள்ளியில் குறும்படக் காட்சியோ நடந்தால் தவறாமல் போங்கள். இயக்குநர் வந்திருந்தால் கூச்சப்படாமல் கையைத் தூக்குங்கள். 'உங்களுக்குப் பிடித்த ஹீரோ யார்?' என்று மட்டும் கேட்காதீர்கள். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

1. இந்தக் கதையை முதன்முதலில் எங்கே பார்த்தீர்கள்?
2. படத்தில் எதற்காக அதிக நாள் காத்திருந்தீர்கள்?
3. எந்தக் காட்சி நீங்கள் நினைத்தபடி வரவில்லை? அப்போது என்ன செய்தீர்கள்?
4. நடித்த பிள்ளைகள் இப்போது எப்படி இருக்கிறார்கள்?
5. படத்தில் வரும் சத்தங்களை எப்படிப் பதிவு செய்தீர்கள்?

இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்வார்கள். அந்தக் கதைகள் சில நேரம் படத்தைவிடச் சுவையாக இருக்கும்!

வீட்டில் செய்து பார்க்க ஒரு விளையாட்டும் உண்டு. உங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். அம்மாவின் செல்போனைக் கேட்டு வாங்கி, வாரம் ஒருமுறை, அதே இடத்தில் நின்று, பத்தே விநாடி படம் எடுங்கள். ஒரு ஞாயிறுகூட விடாதீர்கள். இலை உதிரும், துளிர் வரும், மழை பெய்யும், காக்கை கூடு கட்டும். ஓர் ஆண்டு முடிந்ததும் அந்த 52 துண்டுகளையும் வரிசையாகப் போட்டுப் பாருங்கள். ஒன்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவான படம் தயார்!

அதில் ஹீரோ இல்லை, சண்டை இல்லை. பட்ஜெட், பூஜ்யம் ரூபாய். ஆனால், உங்களைத் தவிர வேறு யாராலும் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது.

நடுவில் ஒரு வாரம் மாடு வந்து இலையைத் தின்றுவிட்டால்?

கவலைப்படாதீர்கள். அதையும் எடுத்துவிடுங்கள்!